முன்னோடியும் சார்பும்: ‘என்ஜாய் எஞ்சாமி’யின் வெற்றி குறித்து

நிர்வாணா குழுவின் வெற்றியே பேர்ல் ஜாமின் வெற்றிக்குக் காரணம் என்பது அமெரிக்க கிரஞ்சு இசை குறித்து வழங்கும் கருத்தாகும். ஆயினும் பேர்ல் ஜாமின் ‘டென்’ 1991 ஆகஸ்டிலும், நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ செப்டம்பரிலும் வெளிவந்தன. ‘டென்’ பெருவிற்பனை கண்டது 1992இலேயே. பிறர் வெற்றி கேட்போரைத் திரட்டித் தரலாம். படைப்பு அதற்கு முன்பே உருவாகியிருந்தது.

இவ்வேறுபாடு தமிழ்த் தனியிசைக்கும் பொருந்தும். 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானா, பறை, ராப் ஆகியவற்றை இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பொதுமேடையில் ஒலிக்கச் செய்தது. அக்குழுவைச் சேர்ந்த அறிவு, தீயுடன் இணைந்து பாடிய ‘என்ஜாய் எஞ்சாமி’ சந்தோஷ் நாராயணன் இசையில் 2021 மார்ச்சில் வெளிவந்தது. மேடைப் பழக்கமும் கேட்போர் வட்டமும் அறிவுக்குக் குழுவால் வாய்த்தன எனலாம். பாடலின் உயிரோ, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டியின் நினைவிலும் ஒப்பாரி மரபிலும் வேர்கொண்டது.

வெற்றி முழுவதையும் முன்னோடிக் குழுவின் கணக்கில் எழுதினால் அப்பாட்டியின் குரல் ஆய்விலிருந்து மறைந்துவிடும். கள்ளக்குறிச்சிப் பறையிசையையும் கல்வராயன் மலை மலையாளிப் பழங்குடியினரின் பாடல்களையும் ஆராய்வோர் கருத்தில் கொள்ளவேண்டியதும் இதுவே: நகர மேடை புகழை விளக்கும், பாட்டின் மூலத்தை அம்மக்களின் வாழ்விலேயே தேடவேண்டும்.