ஒரு கிலோ தூள், பத்துச் செக்கன்: தீவக வாகனங்களுக்கான தீயணைப்பான்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம் ஏறி, அல்லைப்பிட்டி, வேலணை தாண்டி, புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றர். அந்த வழியில் ஒரு வான் தீப்பற்றினால் யாழ். மாநகர சபையின் தீயணைப்பு வண்டி நகரிலிருந்து புறப்பட்டு வரவேண்டும். எஞ்சின் பகுதியில் பிடித்த தீ ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் புகச் சில நிமிடங்கள் போதும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போக நடுவில் கடல் கிடக்கிறது. வண்டி வரும் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வாகனங்களுக்கென்று கடைகளில் விற்கும் 1 கிலோ ஏபிசி உலர்தூள் தீயணைப்பானை இந்தத் தூரத்தை மனதில் வைத்தே எடைபோட வேண்டும். வாகனத்தைக் காப்பாற்றலாம் என்று நம்பி வாங்குகிறவரை இது பெரும்பாலும் ஏமாற்றும். ஆட்களை இறக்குவதற்கு நேரம் தேடித் தரும் கருவி என்று வாங்குகிறவருக்கு இதன் பெறுமதி மிகப் பெரிது.

கருவி எளிமையானது. இரும்புச் சிலிண்டருக்குள் மோனோ அமோனியம் பொஸ்பேற்றுத் தூளும் அழுத்தி அடைத்த நைதரசனும் இருக்கின்றன. தலைப்பக்கத்தில் ஒரு சிறு அழுத்தமானி. முள் பச்சைப் பகுதியில் நிற்க வேண்டும். கைபிடியைப் பூட்டி வைத்திருக்கும் ஊசியை ஒரு பிளாஸ்ரிக் முத்திரை பிடித்திருக்கும். வளையத்தை முறுக்கி இழுத்தால் முத்திரை அறுந்து ஊசி வந்துவிடும். பிறகு குழல்வாயைத் தீயின் அடிக்கு நேரே பிடித்துக் கைபிடியை அமத்தி, இடமும் வலமும் வீச வேண்டும். தூள் பாய்வது இரண்டு மூன்று மீற்றர் தூரம். முழுவதும் தீர எட்டுப் பத்துச் செக்கன். சிலிண்டரில் 34பி என்று அச்சிட்டிருந்தால், ஐரோப்பியத் தரத்தின்படி 34 லீற்றர் சோதனைத் திரவம் நிறைந்த தட்டில் எரிந்த தீயை அது அணைத்திருக்கிறது என்று பொருள். ஆனால் அந்தச் சோதனையைச் செய்தவர் பயிற்சி பெற்றவர், தட்டும் திறந்த தட்டு. பொனற்றுக்குள் ஒளிந்து எரியும் தீயும் பதறிய கையும் அந்த எண்ணில் அடங்கவில்லை.

ஆகவே தீயணைப்பானை எடுப்பது மூன்றாவது வேலை. முதலில் வாகனத்தை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடும்வரை எரிபொருளும் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது ஆட்களை இறக்குவது. இருபுறமும் கடல் கிடக்கும் தாம்போதியில் ஒதுங்க வயலோ வளவோ இல்லை, முன்னே அல்லது பின்னேதான் போகலாம். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசைக்கே எல்லோரும் நடக்க வேண்டும், குறைந்தது 30 மீற்றர். சோளகம் வீசும் மாதங்களில் எதிர்ப்பக்கம் ஓடுகிறவர் கார்பன் மொனொக்சைட்டும் பிளாஸ்ரிக் எரிந்த நச்சும் கலந்த புகைக்குள்ளேயே ஓடுவார். எல்லோரும் இறங்கிய பிறகும் தீ சிறிதாக இருந்தால் மட்டும் கருவியைத் தொடலாம். பொனற்றை முழுக்கத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ எழும்பும். பூட்டை விடுவித்துக் கிடைக்கும் சிறு இடைவெளியாலோ முன் கிறில் வழியாகவோ தூளை அடிப்பதே சரி. தூள் தீயை அமத்துமே தவிர இரும்பைக் குளிர்விக்காது. சூடான எஞ்சினில் பெற்றோல் சொட்டினால் மீண்டும் பற்றும். சிலிண்டர் காலியான பின்னும் தீ தெரிந்தால் திரும்பிப் பாராமல் விலக வேண்டும்.

பொருத்தும் இடத்திலும் கவனம் தேவை. டிக்கிக்குள் மூட்டை முடிச்சுக்கு அடியில் கிடக்கும் தீயணைப்பான் இருந்தும் இல்லாததுதான். நம் வீதிகளில் ஓடும் ஓட்டோக்களில் எஞ்சின் பின்னால், பயணிகளின் இருக்கையோடு ஒட்டியே இருக்கிறது. எனவே கருவி முன்னால், சாரதியின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கார்பரேற்றர் வைத்த பழைய மொரிஸ், ஆஸ்டின் கார்களில் வெடித்துக் காய்ந்த றப்பர்க் குழாயையும், பியூஸ் இல்லாமல் இழுத்த மேலதிக வயர்களையும் மாற்றுவது கருவி வாங்குவதற்கும் முந்திய வேலை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிச் சமாளித்த மண் இது. அந்தக் கைத்திறன் பெருமைக்குரியது. ஆனால் மண்ணெண்ணெயிடம் பழகியதுபோலப் பெற்றோலிடம் பழக முடியாது. பெற்றோலின் ஆவி சாதாரண வெப்பநிலையிலேயே ஒரு பொறி பட்டால் பற்றக்கூடியது. உப்புக்காற்று சிலிண்டரின் பிடியையும் ஊசியையும் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் மாதமொருமுறை துடைத்து, முள்ளைப் பார்த்து, கவிழ்த்துக் குலுக்கி வைக்க வேண்டும். வேலை செய்கிறதா என்று ஒருதரம் அமத்திப் பார்ப்பது பெரிய தவறு: வால்வில் தூள் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும், மறுபடி நிரப்பியே ஆகவேண்டும்.

வாகனம் எரிவது அபூர்வம், அதற்கு ஏன் செலவு என்று கேட்கலாம். அபூர்வம் என்பது உண்மை. ஆனால் 2025 ஒக்டோபர் 24 அதிகாலை ஆந்திராவின் கர்நூல் அருகே ஒரு சொகுசுப் பஸ்ஸின் அடியில் மோட்டார் சைக்கிள் சிக்கி எழுந்த தீயில் ஏறக்குறைய 20 பேர் மாண்டனர். கண்ணாடியை உடைத்து வெளியேறியவர்கள் பிழைத்தார்கள். அங்கே ஒரு கிலோ தூள் போதியிருக்காது. கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் திறக்கும் அவசர வாசலும் தீயணைப்பானோடு சேர்ந்தே வரவேண்டும் என்பதுதான் அந்த விபத்து சொல்லும் பாடம். பக்கத்தில் கடல் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். எரியும் ரயருக்கும் இருக்கைக்கும் தண்ணீர் உதவும். ஆனால் பெற்றோல் தண்ணீரில் மிதந்து தீயையும் கூட்டிக்கொண்டு பரவும். கையில் கருவி இருந்தால் வீண் துணிச்சல் வரும் என்ற அச்சமே எனக்குக் கனமானதாகப் படுகிறது. அதற்கு மருந்து கருவியை ஒதுக்குவதல்ல, ஒரு சிலிண்டர்தான், ஒரு தடவைதான் என்ற விதியைச் சாரதிகளுக்குப் பழக்குவது.

ஹைபிரிட் கார்களின் உயர் மின்னழுத்தப் பட்டரி தீப்பற்றினால் இந்தத் தூள் எடுபடாது. அதற்குப் பெருமளவு தண்ணீர் வேண்டும். அணைந்தது போலிருந்து பல மணி நேரம் கழித்தும் எரியலாம். அங்கே விலகி நிற்பதொன்றே வழி. காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் வயர்த் தீக்கு நல்லதென்றாலும் திறந்த வெளிக் காற்றில் வாயு கலைந்துவிடும். 2 கிலோ தூள் சிலிண்டர் கூடுதல் செக்கன்கள் தரும். வானுக்கும் பஸ்ஸுக்கும் அதையே பரிந்துரைப்பேன். ஓட்டோவுக்கும் காருக்கும் 1 கிலோ போதும்; விலையும் காருக்கான ஒரு புது ரயரின் விலைக்குக் கீழேதான். நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழா நாட்களில் குறிகட்டுவானில் வான்களும் பஸ்களும் நெருக்கிக்கொண்டு வரிசையாய் நிற்கும். அங்கே ஒன்றில் பிடிக்கும் தீ பக்கத்து வாகனத்துக்குத் தாவ அதிக நேரம் எடுக்காது. அந்த இறங்குதுறையிலும் நெடுந்தீவு, நயினாதீவுத் துறைகளிலும் 6 அல்லது 9 கிலோ சிலிண்டர்களைப் பிரதேச சபைகள் பொதுவில் நிறுத்த வேண்டும். தனியார் வாங்கும் ஒரு கிலோ முதல் பத்துச் செக்கனைத் தாங்கும். அதற்குப் பின்வரும் நிமிடங்களுக்கு ஊர்தான் பொறுப்பேற்க வேண்டும்.