வகுத்தவர் யார்? வினைக்கோட்பாட்டு விவாதமும் மெய்யியல் – அரசியல் இணைகல்வியும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த வினைக்கோட்பாட்டு விவாதம் மெய்யியல் வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. அவ்விவாதம் எழுப்பாமல் விட்ட அரசியல் வினாவை இக்கட்டுரை சுட்டுகிறது. மெய்யியலையும் அரசியலறிவியலையும் இணைத்துக் கற்பதன் தேவையை அதன்வழி மதிப்பிடுகிறது.

முன்னுரை

1920-களின் தொடக்கத்தில் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகம் மெய்யியல், அரசியல், பொருளியல் ஆகிய மூன்றையும் ஒரே பட்டப்படிப்பாக இணைத்தது. 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரம்பில் மெய்யியலும் அரசியலறிவியலும் பெரும்பாலும் தனித்தனித் துறைகளாகவே பயிற்றப்பெறுகின்றன. இப்பிரிவினை நிருவாக வசதி மட்டுமே எனக் கருதுவது பொருந்தாது. ஒரு பனுவலிடம் எவ்வினாவைக் கேட்கலாம், எதைக் கேட்க வேண்டியதில்லை என்பதையும் அது முடிவு செய்கிறது. 1837-இல் தொடங்கி, நூறாண்டுகள் கழித்து 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் சிந்தனை மரபு இதற்குத் தக்க சான்றாகும்.

ஹாக்கும் இராதாகிருஷ்ணனும்

கல்லூரி ஜார்ஜ் டவுனில் இயங்கிய காலத்தில் ஆல்பிரட் ஜார்ஜ் ஹாக் அங்கு மெய்யியல் பேராசிரியராக விளங்கினார். 1909-இல் நூல்வடிவம் பெற்ற அவரது ‘கர்மமும் மீட்பும்’ என்னும் ஆய்வு, வினைக்கோட்பாடு உலகை ஒரு நீதிமன்றமாகக் காண்கிறது என்றது. செயலுக்கேற்ற பயனை அளந்து தருவது நீதிமுறையே அன்றி அறமுறை ஆகாது என்பது அவர் வாதம்.

அவரிடம் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1908-இல் வெளியிட்ட முதுகலை ஆய்வேடு, வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்னும் குற்றச்சாட்டை மறுத்தது. 1926-இல் ஆக்சுபோர்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் மறு ஆண்டு ‘இந்து வாழ்வியல் நோக்கு’ என நூலாயின. அதில் அவர் வாழ்வைச் சீட்டாட்டத்திற்கு ஒப்பிடுகிறார். கைக்கு வந்த சீட்டுகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. அவற்றைக் கொண்டு எவ்வாறு ஆடுகிறோம் என்பது நம் கையில் உள்ளது. விதிக்கும் விருப்புரிமைக்கும் ஒருங்கே இடமளிக்கும் நுட்பமான விடை இது. மெய்யியல் வகுப்பறையில் இவ்விடை நிறைவு தரக்கூடும்.

விடுபட்ட வினா

எனினும் ஹாக்கின் மறுப்பும் இராதாகிருஷ்ணனின் விடையும் ஒரே தளத்தில் நிற்கின்றன. இரண்டும் தனிமனிதரின் அறப்பொறுப்பையே மையமாகக் கொண்டவை. சீட்டுகளைக் கலைத்து வழங்கியவர் யார், ஒரே குலத்தார்க்குத் தலைமுறைதோறும் தாழ்ந்த சீட்டே வருவது ஏன் என்பன அரசியல் வினாக்கள். அதே நூலில் இராதாகிருஷ்ணன் சாதியமைப்பை, பல இனக்குழுக்களை அழிக்காமல் ஒரே சமூகத்துள் இணங்கவைத்த ஏற்பாடாக விளக்குகிறார். அதன் பிற்காலச் சீர்கேட்டை அவர் ஒப்புகிறார். ஆயினும் அவ்விளக்கத்தைச் சீட்டு உவமையோடு பொருத்திப் பார்க்கவில்லை.

பொருத்திப் பார்க்கும் பணியை அம்பேத்கர் செய்தார். இலாகூர் மாநாட்டிற்கென எழுதப்பெற்று, மாநாடு கைவிடப்பட்டபின் 1936-இல் அவரே வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ இராதாகிருஷ்ணனின் இந்நூலைப் பெயர்சுட்டி எதிர்கொள்கிறது. இந்துச் சமூகம் நெடுங்காலம் நிலைத்திருப்பதே அதன் தகுதிக்குச் சான்று என்னும் வாதத்தை அம்பேத்கர் ஏற்கவில்லை. நிலைத்திருப்பதைவிட, எத்தகைய நிலையில் வாழ்கிறது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. கொலம்பியாவில் பொருளியலையும் சமூகவியலையும் மெய்யியலோடு சேர்த்துக் கற்றவர் அவர். தம் ஆசிரியர் ஜான் டூயியை இந்நூலிலேயே துணைக்கு அழைக்கிறார். பிற்காலத்தில், 1947-இல் வெளியான ‘சமயமும் சமூகமும்’ நூலில் இராதாகிருஷ்ணன் தீண்டாமையைக் கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதும் கருதத்தக்கது. ஆயின் அம்மாற்றத்தை மெய்யியல் பாடம் மட்டுமோ அரசியல் பாடம் மட்டுமோ முழுமையாக விளக்க இயலாது.

குறள் வைப்புமுறை

இவ்விணைப்பு தமிழ் மரபுக்குப் புதிதன்று. பரிமேலழகர் வைப்பில் அறத்துப்பாலின் இறுதி அதிகாரம் ‘ஊழ்’ (38). அதை அடுத்துப் பொருட்பாலின் முதல் இயலாகிய ‘அரசியல்’ இறைமாட்சியுடன் (39) தொடங்குகிறது. ஊழ் முடியுமிடத்தில் அரசு தொடங்குகிறது. ‘வகுத்தல்’ என்னும் சொல்லாட்சி இருபுறமும் அமைந்துள்ளது. ஊழ் அதிகாரத்தில் (377) அது நுகர்வை வரையறுக்கும் ஊழின் செயல். இறைமாட்சியில் (385) அது திரட்டிக் காத்த பொருளைப் பகுத்துச் செலவிடும் அரசனின் கடமை. மேலும், ஊழையும் முயற்சி புறங்காணும் என்னும் கருத்து (620) இடம்பெறும் ‘ஆள்வினையுடைமை’ இவ்வரசியல் இயலுக்குள்தான் வைக்கப்பட்டுள்ளது. வகுப்பது ஊழ் மட்டுமன்று, அரசும் வகுக்கிறது என்னும் புரிதலை இவ்வைப்புமுறை தருகிறது. அறத்துப்பாலை மெய்யியலுக்கும் பொருட்பாலை அரசியலுக்கும் பிரித்தளித்துவிட்டால் இத்தொடர்பு புலப்படாது.

முடிவுரை

இரு துறைகளை இணைத்தால் இரண்டிலும் ஆழம் குறையும் என்னும் தடை எழலாம். பாடங்களை எண்ணிக்கையளவில் அடுக்கும் பாடத்திட்டத்திற்கு அத்தடை பொருந்தும். ஒரே பனுவலை இருவகை வினாக்களோடு அணுகும் கல்விக்கு அது பொருந்தாது. ஹாக், இராதாகிருஷ்ணன், அம்பேத்கர், குறள் ஆகியவற்றை ஒரு தாளில் வைத்துக் கற்பிப்பதற்குப் புதிய துறை எதுவும் வேண்டியதில்லை. இரு துறை ஆசிரியர்கள் ஒரு வகுப்பறையைப் பகிர்ந்துகொண்டால் போதும். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எனப் புறநகர்த் தொடர்வண்டித் தடத்தை ஒட்டி வாழும் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரி வரும் மாணவர்க்குச் சீட்டு உவமை வெறும் உவமையாக இராது. நன்றாக ஆடுக என்று மெய்யியல் அவர்க்குச் சொல்கிறது. வகுத்தவர் யார் என்று கேட்கவும் அவர்க்குக் கற்பிப்பதே இணைகல்வியின் பயன் எனலாம்.