ஈழத்து நினைவு மலர்களும் ஆவணப்படுத்தலின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஈழத்தில் இறந்தோர் நினைவாகக் குடும்பத்தினர் அச்சிட்டு வழங்கும் 'கல்வெட்டு' என்னும் சிறுநூல் வட்டார இலக்கியமாகவும் குடும்ப ஆவணமாகவும் ஒருங்கே அமைவது. எண்ணிம நூலகம் அதனை ஒரு நூலாக மட்டும் விவரிக்கும்போது விடுபடுவன எவை என்பதையும், எல்லார்க்கும் திறந்துவைத்தல் என்னும் கொள்கை எல்லாச் சமூகங்களுக்கும் ஒன்றுபோலப் பொருந்துமா என்பதையும் இக்கட்டுரை விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டு, நினைவு மலர், சரமகவி, வம்சாவளி, எண்ணிம ஆவணப்படுத்தல், உடைமை வரலாறு

முன்னுரை

1981 மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இவ்வெண் பலராலும் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. வீடுகளில் அழிந்தவற்றுக்கு அத்தகைய எண் எதுவும் இல்லை. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், 1995 அக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்களும் கையில் எடுத்துச்சென்றவை சிலவே. அலமாரிகளிலும் பெட்டகங்களிலும் விட்டுச்சென்றவை மிகப்பல. 2005இல் தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை இவ்விழப்பின் பின்புலத்தில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். கிடைத்ததையெல்லாம் கிடைத்தவுடன் வருடிப் பதிவேற்றுதல் என்னும் அதன் விரைவு, அழிவைக் கண்ணாற்கண்ட சமூகத்தின் விரைவு. அது சரியான முடிவே. அவ்விரைவுக்குக் கொடுத்த விலை என்ன என்பதை இனிக் கணக்கிட வேண்டும். அதற்கு நினைவு மலரைக் காட்டிலும் பொருத்தமான சான்று வேறில்லை.

கல்வெட்டின் அமைப்பு

மரணத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது உறவினர்க்கும் அயலார்க்கும் வழங்கப்படும் சிறுநூலைக் கல்வெட்டு என வழங்குவது யாழ்ப்பாண மரபு. விரைவில் மஞ்சளித்து நொறுங்கும் தாளில் அச்சிட்ட ஒன்றுக்கு இப்பெயர் அமைந்தது வியப்புக்குரியது. (தமிழகத்து ஆய்வாளர் ஒருவர் இச்சொல்லைத் தேடுபொறியில் இட்டால் சோழர் சாசனங்களிடையே ஈழத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைச் சந்திக்க நேரும்.) இறந்தவரின் படம், திதி வெண்பா, வாழ்க்கைக் குறிப்பு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சிவபுராணம் அல்லது தேவாரப் பதிகங்கள், வம்சாவளி வரைபடம், நன்றி நவிலல் என்பன இதன் வழக்கமான உறுப்புகள். சில குடும்பங்கள் தம் ஊர்க் கோயிலின் ஊஞ்சற் பதிகத்தையோ, கிடைத்தற்கரிய பழைய சிற்றிலக்கியம் ஒன்றையோ இதனுள் மறுபதிப்புச் செய்வதுண்டு. அச்சிற்றிலக்கியத்துக்கு அதுவே இறுதிப் பதிப்பாக அமைந்துவிடுதலும் உண்டு.

திதி வெண்பா காலக்குறிப்புக்கான கருவி. ஆண்டின் பெயர், திங்கள், பக்கம், திதி ஆகியவற்றோடு இறந்தவர் பெயரையும் ஊரையும் நான்கடிக்குள் அடக்குவது. ஆனால் ஆண்டுப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை மீள்வது. அட்டை கிழிந்த ஒரு கல்வெட்டில் 'பிலவ' என்றிருப்பின் அது 1901ஆம் ஆண்டில் தொடங்கிய பிலவமா, 1961இல் தொடங்கியதா என்பதை வெண்பா சொல்லாது. எழுத்துரு, அச்சகப் பெயர், வம்சாவளியில் இறுதித் தலைமுறையின் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டே தெளிய வேண்டும். அதனினும் எளிய வழி, அதனைக் கொடுத்த வீட்டாரைக் கேட்பது. 'இது என் தாயாரின் பாட்டனாருடையது' என்னும் ஒரு வாக்கியம் அறுபது ஆண்டு மயக்கத்தைத் தீர்த்துவிடும். அவ்வாக்கியத்தை எழுதிவைக்க அட்டவணையில் இடமில்லாமையே இங்குச் சுட்டப்படும் குறை.

நூலாகக் கருதுவதால் நேரும் இழப்பு

நூலகத்தின் விவரப் பக்கம் நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்னும் வரிசையில் அமைவது. நாவலுக்கும் பாடநூலுக்கும் இது போதுமானது. கல்வெட்டுக்கு ஆசிரியர் யார்? செலவேற்று அச்சிட்ட மக்களா, வாழ்க்கைக் குறிப்பை எழுதிய மருமகனா, புலம்பலை யாத்த ஊர்ப் புலவரா? வடிவம் வினவும் வினாவுக்கு ஆவணத்தில் விடையில்லாதபோது அவ்விடம் வெறுமையாக நிற்கிறது. ஆவணம் இறந்தவரின் பெயராலேயே அறியப்படுகிறது.

இதனால் மிகுதியும் இழப்புறுபவர் அப்புலவரே. சரமகவி பாடிய ஊர்ப் புலவர் பலர்க்குத் தனிநூல் இல்லை. அவர்தம் வாழ்நாட் படைப்பு முழுவதும் பிறர் வீட்டு மரணங்களுக்காக எழுதிய செய்யுள்களாகச் சிதறிக் கிடக்கிறது. மனைவியின் குரலிலும் மகளின் குரலிலும் மாறிமாறிப் பாடியவர், தம் பெயரைச் செய்யுளின் கீழே சிறிய எழுத்தில் இட்டதோடு நின்றார். ஈழத்து இலக்கிய வரலாறுகள் இவர்களைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிட்டன. இச்செய்யுள்களில் வாய்பாட்டுத் தன்மை மிகுதி என்பதை மறுப்பதற்கில்லை. ஒரே உவமை பல வீடுகளுக்குப் பயன்பட்டிருக்கக்கூடும். எனினும் ஒரு வட்டாரத்தில் யாப்பறிவு எவ்வளவு காலம் தொழிற்பட்டது, எப்போது வெண்பா உரைநடை அஞ்சலிக்கு இடம் விட்டது என்பன போன்ற வினாக்களுக்கு இவற்றிலன்றி வேறெங்கு விடை தேடுவது? புலவர் பெயர், அச்சகம், ஊர் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிச் சுட்டி அமைத்தால், இறந்தோர் பட்டியலாகத் தோன்றும் இத்தொகுதி ஒரு வட்டாரத்தின் இலக்கிய வரலாறாக மாறும்.

வம்சாவளியின் மௌனங்கள்

வம்சாவளி வரைபடத்தைச் சமூக வரலாற்றாளர் விரும்பிப் பயன்படுத்துவர். அது குடும்பம் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டது என்பதை மறத்தல் ஆகாது. குடும்பம் ஏற்காத திருமணம் அதில் கிளையாக முளைப்பதில்லை. சாதி எங்கும் எழுதப்படுவதில்லை. ஊர், குறிச்சி, கோயில், கொண்டு கொடுத்த இடங்கள் ஆகியவற்றால் அறிந்தவர்க்கு அது எங்கும் தெரிகிறது. நன்றி நவிலலில் மருத்துவரும் மலர்வளையம் அனுப்பிய சங்கங்களும் பெயர் பெறுகையில், பறை முழக்கியோரும் துணி வெளுத்தோரும் 'மற்றும் பலவழிகளிலும் உதவியோர்' என்னும் தொடருக்குள் அடங்கிவிடுகின்றனர். அச்சிடும் வசதியில்லாத வீடுகளுக்குக் கல்வெட்டே இல்லை.

மலையகத்தோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். தோட்டத் தொழிலாளர் குடும்பத்தின் பழைய தாள் பெரும்பாலும் பிறர் அவர்களைப் பற்றி எழுதியது: தோட்டப் பேரேடு, கப்பற் பதிவு, 1921இல் ஒழிக்கப்பட்ட 'துண்டு' என்னும் கடன்சீட்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தையோ பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்தமைக்குச் சான்று கோரியபோது, வீட்டில் தாள் இல்லாமை நாடில்லாமையாக முடிந்தது. நினைவு மலரில் பாட்டன் பூட்டன் பெயர்களை நிரல்படுத்தும் வழக்கத்தை இவ்வரலாற்றுக்கு அருகில் வைத்துப் படிக்க வேண்டும். ஆவணகத்தின் வகைப்பாடு இவ்விரண்டையும் வெவ்வேறு தலைப்புகளில் வைப்பதால் அவ்வாசிப்பு எளிதில் நிகழ்வதில்லை.

திறந்துவைத்தலும் கேட்டறிதலும்

நினைவு மலர் முப்பத்தோராம் நாள் விருந்தினர்க்காக அச்சிடப்பட்டது. அண்மைக் காலத்து மலர்களில் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் பிள்ளைகள், பேரக்குழந்தைகள் ஆகியோரின் பெயர்களும் தொலைபேசி எண்களும் இடம்பெறக் காணலாம். நூறு வீடுகளுக்குக் கொடுத்ததை உலகுக்குக் கொடுப்பது அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறான செயல். பழைய மலர்களைத் தடையின்றித் திறந்துவைக்கலாம். உயிரோடிருப்போர் விவரம் உள்ளவற்றுக்கு ஒரு கால எல்லை வகுத்தல் தகும் என்பது என் கருத்து.

வாகரையிலும் மூதூரின் தென்பகுதியிலும் வாழும் தமிழ் பேசும் கரையோர வேடர் மரபுக்கு வரும்போது இவ்வினா இன்னும் கடினமாகிறது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் இம்மக்களும் இடம்பெற்றனர். அன்று எழுதப்பட்டது ஆங்கிலத்தில். எழுதியவர்க்கும் எழுதப்பட்டவர்க்கும் பொதுவான வாசகர் எவருமில்லை. இன்று ஒலிப்பதிவுக் கருவியோடு செல்பவர் தமிழர். ஆயினும் சடங்கில் தெய்வத்தை அழைக்கப் பாடும் பாடல் வேறு, விருந்தினர்க்குப் பாடிக்காட்டும் பாடல் வேறு என்பதை அவரும் வேற்றாளாக நின்றே கற்க வேண்டும். நினைவு மலரில் கேட்பதற்கு ஒரு குடும்பம் இருக்கிறது. இங்குப் பாடியவர் ஒருவரின் இசைவு சமூகத்தின் இசைவு ஆகுமா என்பதே முதல் வினா.

மத்திய ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு மக்களோடு இணைந்து உருவாக்கப்பட்ட முக்குர்த்து என்னும் ஆவண மென்பொருள், எந்தப் பதிவை எவர் காணலாம் என்பதைச் சமூகமே வரையறுக்க இடந்தருகிறது. அப்பெயர் அவர்கள் மொழியில் புனிதப் பொருள்களைப் பேணும் பையைக் குறிப்பது. அம்முறையை அப்படியே பெயர்த்து நடுதல் இயலாது. சாதி ஆதிக்கம் உள்ள இடத்தில் 'சமூகம் முடிவு செய்க' என்பது ஊர்ப் பெரியோர் முடிவு செய்க என்றாகி, முன்பு மறைத்ததையே மீண்டும் மறைக்கும் வாய்ப்பாகிவிடலாம். ஆகவே வம்சாவளிக்கும் சடங்குப் பாடலுக்கும் ஒரே விதி போதாது.

இவ்விரண்டுக்கும் பொதுவாக உடனடியாகச் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. கொடுத்தவர் யார், அவர்க்கு அது எவ்வாறு வந்தது, எதனை வெளியிட வேண்டா என்றார் என்பவற்றை அவர் வாய்மொழியாகவே பதிந்து ஆவணத்தோடு இணைப்பது. வருடும் பணி பத்தாண்டு கழித்தும் நடைபெறலாம். 1995இல் பெட்டியைத் தலையில் சுமந்து சென்ற தலைமுறைக்கு இன்று வயது எழுபதும் எண்பதும்.