பந்தாடும் மகளிர்: பழைய பாட்டும் புதிய களமும்

தமிழ் இலக்கியத்தில் பந்து பெண்ணுக்கு உரியது. சங்கப் பாடல்களில் வரும் இளமகளிரின் உடைமைகளை எண்ணிப் பார்த்தால் பாவை, பந்து, கழங்கு என்னும் மூன்றும் முன்னே நிற்கக் காணலாம். உடன்போக்குச் சென்ற மகளை எண்ணி வருந்தும் தாய், அவள் விட்டுச் சென்ற பந்தைக் கண்டே கலங்குகிறாள். இவற்றை ஆண்டுதோறும் நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். அந்தப் பந்து பின்னர் என்னவாயிற்று என்று மட்டும் நாம் கேட்டதில்லை.

இன்று உலகின் பல நாடுகளில் பெண்கள் கையில் ஏந்தி ஓடும் பந்து ஒன்று உண்டு. அது முட்டை வடிவினது. ரக்பி என்னும் அந்த ஆட்டத்தில் மகளிர் அடைந்துவரும் வளர்ச்சியை நம் பழைய பாட்டுகளுக்கு அருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கியக் கட்டுரையில் ரக்பிக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளராயின், அவர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில் பழைய பாட்டுகளை நோக்குவோம். சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் கந்துகவரி வருகிறது. மகளிர் பந்தடித்துப் பாடுகின்றனர். பாட்டின் பொருளோ பாண்டியனின் புகழ். கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் பந்தடி ஒரு போட்டியாகவே நடைபெறுகிறது. மகளிர் ஒருவரை ஒருவர் எண்ணிக்கையால் விஞ்ச முயல்கின்றனர். தமிழ் இலக்கியம் பெண்ணின் உடல்திறனை இத்துணை விரிவாகப் பேசிய இடம் வேறொன்று உண்டோ என வியக்கத் தோன்றுகிறது. ஆனால் அப்பகுதியின் முடிவு யாது? உதயணன் ஆட்டத்தைக் காண்கிறான். மானனீகையின்பால் காதல் கொள்கிறான். அதன்பின் பந்தின் கதை மறைந்து காதலின் கதை தொடர்கிறது. குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியும் பந்தாடியவளே. அவள் ஆட்டமும் திரிகூடநாதரின் உலாவோடு நின்று போகிறது.

இவற்றில் பொதுவாக உள்ள ஒன்றை நாம் நோக்க வேண்டும். பெண் ஆடுகிறாள், ஆனால் அவள் ஆடுவது காணப்படுவதற்காக. புலவரின் கண் பந்தைவிட வளையல்மேலும் கூந்தல்மேலும் மிகுதியாகத் தங்குகிறது. அவள் களைத்தாளா, தோற்றபோது என்ன எண்ணினாள், மறுநாளும் ஆடினாளா என்பனவற்றைப் பாட்டு சொல்வதில்லை.

பிள்ளைத்தமிழைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாற்கு உரியவை கழங்கு, அம்மானை, ஊசல் போன்றன. ஆண் குழந்தை பறை கொட்டித் தேர் உருட்டித் தெருவுக்குச் செல்கிறான். பெண் குழந்தை உட்கார்ந்து ஆடுகிறாள், ஊசலில் அமர்கிறாள். சிற்றில் பருவத்திலோ சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா என்று அவர்களே ஆண் குழந்தையிடம் வேண்டுகின்றனர். இதன் சுவையை நான் குறை கூறவில்லை. விளையாட்டைப் பாற்படுத்திப் பிரித்த பாடத்திட்டம் ஒன்று நம் இலக்கண மரபிலேயே இருந்தது என்பதைத்தான் சுட்டுகிறேன்.

உடலோடு உடல் மோதும் ஆட்டம் வந்தபோது பிரிவு இன்னும் தெளிவாகிறது. முல்லைக்கலியில் இளைஞர் காளையின் திமிலைத் தழுவுகின்றனர், குத்துண்டு வீழ்கின்றனர், மீண்டும் பாய்கின்றனர். மகளிர் பரண்மீது நின்று காண்கின்றனர். ஆக, தமிழ்ப் பெண்ணுக்குப் பந்து கிடைத்தது, களம் கிடைக்கவில்லை.

இனி ரக்பிக்கு வருவோம். இந்த ஆட்டம் நமக்கு முற்றிலும் அயலானதன்று. மலாயாவை ஆண்ட ஆங்கிலேயரோடு இங்கு வந்து வேரூன்றியது இது. 1921இல் ‘மலாயா’ என்னும் பெயர் கொண்ட போர்க்கப்பல் இந்நாட்டுக்கு வந்தபோது, அதன் அதிகாரிகள் கால்பந்துக்கு ஒன்றும் ரக்பிக்கு ஒன்றுமாக இரு கிண்ணங்களை வழங்கிச் சென்றனர். நம் பேராக்கில் கோலகங்சார் மலாய்க் கல்லூரி இன்றும் இந்த ஆட்டத்துக்குப் பெயர் பெற்று விளங்குகிறது. தோட்டத்துத் தமிழர் வாழ்வில் மட்டும் ரக்பி நுழையவில்லை. அது துரைமார் ஆட்டமாகவே இருந்துவிட்டது.

ஆட்டத்தின் விதிகளுள் இரண்டை மட்டும் இங்குக் குறிப்பிடுவேன். பந்தைக் கையால் கொடுப்பவர் முன்னோக்கிக் கொடுக்கலாகாது; பக்கத்திலோ பின்னாலோ வருபவருக்கே கொடுக்க வேண்டும். ஆகவே பின்னால் துணை வராத ஒருவர் நெடுந்தொலைவு முன்னேற இயலாது. இரண்டாவது, பிடித்து வீழ்த்தப்பட்டவர் பந்தை உடனே விட்டுவிட வேண்டும். எழுந்து தம் காலில் நின்ற பிறகே மீண்டும் ஆட்டத்தில் கலந்துகொள்ளலாம். விழுவது இங்குத் தவறன்று. விழுந்த இடத்திலேயே கிடப்பதுதான் குறை.

இத்தகைய ஆட்டத்தைப் பெண்கள் ஆடலாமா என்னும் கேள்வி மேலை நாட்டிலும் எழுந்ததே. மகளிர்க்கான முதல் உலகக் கிண்ணப் போட்டி 1991இல் வேல்ஸ் நாட்டில் நடைபெற்றது. பன்னாட்டு ரக்பி அமைப்பின் ஒப்புதல்கூட இல்லாமல் பெண்களே முன்னின்று நடத்திய போட்டி அது. பன்னிரண்டு அணிகள் கலந்துகொண்டன; இறுதியாட்டத்தில் அமெரிக்கா இங்கிலாந்தை 19-6 என வென்றது. 2025 செப்டம்பரில் இலண்டன் டுவிக்கனம் அரங்கில் இங்கிலாந்தும் கனடாவும் மோதிய உலகக் கிண்ண இறுதியாட்டத்தைக் காண 81,885 பேர் கூடினர். முப்பத்துநான்கு ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றம் இது.

வளரும் நாடுகளுக்கு வழி திறந்தது எழுவர் ஆட்டம். பதினைவர் ஆட்டத்துக்கு எண்பது நிமிடம். எழுவர் ஆட்டத்துக்குப் பதினான்கே நிமிடம். ஆட்கள் குறைவு, செலவு குறைவு. பள்ளித் திடலிலும் பழகலாம். 2009இல் ஒலிம்பிக் குழு இதனை ஏற்றுக்கொண்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடவரும் மகளிரும் ஆடினர். ஒலிம்பிக் ஆட்டம் என்றதும் அரசுகள் பொருள் ஒதுக்கத் தொடங்கின. அணிகளே இல்லாதிருந்த நாடுகளிலும் மகளிர் அணிகள் தோன்றின. 2017இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசிய விளையாட்டிலும் மகளிர் எழுவர் ரக்பி இடம்பெற்றிருந்தது.

இந்தியாவின் நிலையை இங்குச் சற்று விரிவாகக் காண்பது பயன் தரும். மட்டைப்பந்து ஒன்றையே தெய்வமாக்கிய அந்நாட்டில் ரக்பிக்கு இடம் ஏது என நாம் நினைக்கலாம். 2018 சூன் திங்களில் சிங்கப்பூரில் இந்திய மகளிர் அணி முதன்முறையாகப் பன்னாட்டுப் பதினைவர் ஆட்டத்தில் இறங்கியது. அத்தொடரில் வெற்றி கிட்டவில்லை. மறு ஆண்டு, 2019 சூன் 22ஆம் நாள் மணிலாவில், அதே சிங்கப்பூரை 21-19 என்ற கணக்கில் வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்த அணிக்கு, தண்ட உதை ஒன்றால் மூன்று புள்ளி பெற்றுத் தந்தவர் சுமித்ரா நாயக். ஒடிசா மாநிலத்தவர், பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் பயிலும் புவனேசுவரத்துக் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்தவர். அதே காலத்தில் அணியில் விரைந்து ஓடிப் பெயர் பெற்ற சுவீட்டி குமாரி, பீகாரில் பாட்னா மாவட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர். ஓட்டப் பந்தயத்திலிருந்து ரக்பிக்கு வந்தவர்.

இந்த வளர்ச்சியை மிகைப்படுத்தவும் கூடாது. 2023இல் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் ஹாங்காங்கும் சப்பானும் இந்திய மகளிரை எளிதாக வீழ்த்தின. அதன்பின் 2025 ஆகஸ்டில் பீகாரின் ராஜ்கிரில் நடைபெற்ற இருபது வயதுக்குட்பட்டோர் ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் வெண்கலம் பெற்றனர். விழுதலும் எழுதலும் அந்த அணியின் வரலாற்றிலும் மாறி மாறி வருகின்றன. நம் கவனத்துக்கு உரியது அப்பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே. ஏழைச் சிற்றூரிலிருந்தும் பழங்குடி மாணவர் விடுதியிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் கிடைத்தது யாரோ ஒரு பெரியவரின் இசைவு. வீட்டிலோ பள்ளியிலோ ஒருவர் ‘போ, ஆடு’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் சொல்லை நான் சொல்லத் தவறிய நாள் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஜெலாப்பாங் வட்டாரத்தில் வாழும் தந்தை ஒருவர், தம் மகளுடன் என் அறைக்கு வந்தார். தோட்டத்தை விட்டு வந்து லோரி ஓட்டிப் பிழைப்பவர். மகள் எங்கள் பள்ளியில் வலைப்பந்து ஆடியவள். அப்போது இடைநிலைப்பள்ளியில் ரக்பிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள்.

“சார், பொம்பளப் பிள்ளைக்கு இந்த ஆட்டம் சரிப்பட்டு வருமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேட்டுக்குவா” என்றார் அவர்.

நான் அவளிடம் என்ன பழக்கினார்கள் என்று கேட்டேன். “முதல்ல விழத்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க” என்றாள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது.

விழ என்ற சொல் என் செவியில் வேறாக ஒலித்தது. கை கால் முறியும், படிப்புக் கெடும், நாளை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றெல்லாம் கூறி, வலைப்பந்தே போதும் என்று அனுப்பிவைத்தேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. “சரி சார்” என்று சொல்லிச் சென்றாள். வலைப்பந்து நல்ல ஆட்டமே. ஆயின் அதில் ஒருவர்மேல் ஒருவர் மோதலாகாது, பந்து வைத்திருப்பவரை எட்டி நின்றே தடுக்க வேண்டும். நம் பெண்பிள்ளைகளுக்கு நாம் வழங்கும் ஆட்டங்களுள் அது முதலிடம் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணமோ என இப்போது எண்ணுகிறேன்.

அன்று நான் பேசியது மருத்துவ அறிவால் அன்று. நான் படித்த இலக்கியத்தால். நம் கதைகளில் ‘விழுந்தவள்’ என்றால் பொருள் என்ன? ஆண் விழுந்தால் அது நிகழ்ச்சி. பெண் விழுந்தால் அது ஒழுக்கம். அவள் வழுக்கி விழுந்தாள் என எழுதினால் வாசகர் தரையை நினைப்பதில்லை. போட்டிகளுக்கு வந்த சிறுகதைகளை நடுவராக இருந்து படித்திருக்கிறேன். விழுந்த பெண் ஒன்று அழுவாள், அல்லது இறப்பாள், அல்லது ஓர் ஆணின் கை பற்றி எழுவாள். முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு மீண்டும் ஓடிய பெண்ணை நான் அக்கதைகளில் கண்டதில்லை.

செய்தி எழுதும் முறையும் இதற்கு விலக்கன்று. விளையாடும் பெண்ணை வீராங்கனை என்கிறோம். அங்கனை என்னும் சொல் அழகிய உறுப்புடையவள் என்னும் பொருளது. வீரத்தைச் சொல்ல வந்த இடத்திலும் பழைய புலவரின் கண் நம்மை விடவில்லை. சொல்லை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் கூறவில்லை. சொல்லுக்குள் நின்று பார்க்கும் கண் யாருடையது என்பதை மாணவர்க்கு உணர்த்தலாம் அன்றோ?

நமக்குச் சான்று இல்லாமலும் இல்லை. தாப்பாவில் பிறந்த மு. ராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டின் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவ்வாண்டே மலேசியாவின் முதல் தேசிய விளையாட்டு வீராங்கனை எனச் சிறப்பிக்கப்பட்டார். ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அடையத்தக்க ஊர் தாப்பா. கந்துகவரியை விளக்கும் நாம், பக்கத்து ஊர்ப் பெண்ணின் ஓட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையாவது எழுதச் சொல்லியிருக்கிறோமா?

பழைய இலக்கியத்தைத் தள்ளிவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. மானனீகையின் பந்தடியை இனியும் கற்பிப்பேன். கற்பித்த பின், உதயணன் கண்டதை விட்டுவிட்டு மானனீகை கண்டதை எழுதுங்கள் என்று மாணவியரிடம் சொல்வேன். பந்து எப்படி எழுந்தது, மூச்சு எப்படி வாங்கியது, எண்ணிக்கை தவறிவிடும் என்னும் அச்சம் எப்படி இருந்தது என அவர்கள் எழுதட்டும். மலேசியத் தமிழ் எழுத்துக்கு இன்னும் வந்து சேராத பெண் அந்தப் பயிற்சி ஏட்டிலிருந்து வரக்கூடும்.

ரக்பியில் பந்து பின்னால் வருபவருக்கே கொடுக்கப்படுகிறது. நம் பின்னால் வருவோர் நம் மாணவியர். அன்று என் அறைக்கு வந்த பெண் இப்போது வளர்ந்துவிட்டாள். அவளுக்கு நான் கொடுக்காத பந்தை இனிக் கொடுக்க இயலாது. அடுத்த முறை ஒரு தந்தை வந்து கதவைத் தட்டினால் என்ன சொல்வது என்பதை மட்டும் நான் முடிவு செய்துவிட்டேன். எந்தத் திடலில், எத்தனை மணிக்குப் பயிற்சி என்று முதலில் கேட்பேன்.