பிறப்பு மர்மமும் பெருநிறுவன வாரிசும்: கொரியத் தொலைக்காட்சித் தொடர்களின் மரபுத் துறைகள்

தென்கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைச் சில ஆண்டுகள் பார்த்துப் பழகிய எவரும் அவற்றின் கதைப்போக்கை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது அத்தொடர்கள்மீது நெடுங்காலமாகச் சொல்லப்படும் குறை. மருத்துவமனையில் இடம் மாறிய குழந்தைகள், விபத்தில் நினைவை இழக்கும் காதலன், ஏழைப் பெண்ணை விரும்பும் பெருநிறுவன வாரிசு, பண உறையை மேசைமீது வைத்துத் தன் மகனை விட்டு விலகிவிடச் சொல்லும் தாய், நாயகியை உள்ளன்போடு நேசித்தும் ஏமாற்றமடையும் இரண்டாம் நாயகன், கடைசி வாரங்களில் வந்து சேரும் கொடிய நோய் என இப்பட்டியல் நீளும். இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் சூழ்நிலையைத் தமிழ் அகப்பாடல் மரபு 'துறை' என்று வழங்கியது. தலைவி காதலனோடு வீட்டை விட்டுச் செல்லும் உடன்போக்கும், காதலர் இரவில் சந்திக்கும் இரவுக்குறியும், வளர்ப்புத்தாயான செவிலியின் புலம்பலும் எத்தனையோ பாடல்களில் வந்தும் சலிப்பதில்லை; ஏனெனில் எல்லோருக்கும் தெரிந்த சூழ்நிலைக்குள் அதுவரை சொல்லப்படாத ஒரு மனநிலையைக் காண்பதிலேயே அங்குப் புலவரின் திறன் அளக்கப்பட்டது. கொரியத் தொடர்களையும் இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே முறை. அவ்வாறு அளக்கும்போது, துறை மீண்டும் வருவது குறையாகத் தோன்றுவதில்லை. எந்த வாழ்வனுபவத்திலிருந்து அது பிறந்ததோ அதை மறந்து, கதையை அடுத்த வாரத்துக்குத் தள்ளும் கருவியாக மட்டும் அது எஞ்சும் இடத்திலேயே தொடர் தோற்கிறது என்பது தெளிவாகும்.

பிறப்பு மர்மம்

இத்துறைகளுள் வேர் ஆழமானது பிறப்பு மர்மம். தம் உண்மையான பெற்றோர் யார் என்று அறியாமல் வளரும் ஒருவர், காதலோ சொத்துரிமையோ குறுக்கிடும் நேரத்தில் அதை அறிய நேர்வதே இதன் அமைப்பு. இயக்குநர் யூன் சோக்-ஹோ 2000இல் கேபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக உருவாக்கிய 'ஆட்டம் இன் மை ஹார்ட்' தொடரில், பிறந்தபோதே இடம் மாறிவிட்ட பெண், பதின்பருவத்தில் உண்மை வெளிப்பட்டதும் வசதியான வீட்டை விட்டு ஏழைத் தாயிடம் செல்கிறாள். பின்னர் அண்ணன் என்று எண்ணி வளர்ந்தவனையே காதலிக்கிறாள். அவரே 2002இல் இயக்கிய 'வின்டர் சொனாட்டா'வில், காதலர் இருவரும் ஒரே தந்தைக்குப் பிறந்தவர்களோ என்ற ஐயம் கதையின் பிற்பகுதியை ஆட்டிப்படைக்கிறது.

இந்த அச்சம் எழுத்தாளர்களின் கற்பனையில் மட்டும் முளைத்ததன்று. ஒரே குடும்பப்பெயரும் ஒரே மூதாதை ஊரும் கொண்ட இருவர் மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற சட்டத்தடையை, அது அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1997இல்தான் தீர்ப்பளித்து நீக்கியது. குடும்பத் தலைமையை ஆண்வழியில் கடத்திவந்த 'ஹோஜு' என்னும் குடும்பப் பதிவேட்டு முறை 2008 ஜனவரி 1 அன்றுதான் ஒழிந்தது. அதுவரை மணமுறிவுக்குப் பின் தாயோடு வாழ்ந்த பிள்ளையும் தந்தையின் பதிவேட்டிலேயே இருக்க வேண்டியிருந்தது. ஒருவரின் பெயர், சொத்து, திருமணம் ஆகிய மூன்றையும் குருதியுறவே தீர்மானித்த சமூகத்தில், அந்த உறவு பொய்யாகிவிடுவது வாழ்க்கை முழுவதும் இடிந்துவிழுவதற்கு ஒப்பானது. இதனோடு போரின் நினைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் பிரிந்துபோன உறவினர்களைத் தேடிச் சேர்த்துவைக்க 1983இல் கேபிஎஸ் நடத்திய நேரலை நிகழ்ச்சி 138 நாள்களில் 453 மணி 45 நிமிடம் ஒளிபரப்பானது. அதன் ஆவணங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. முப்பது ஆண்டுகளுக்குப் பின் உடன்பிறந்தாரை அடையாளம் கண்டு கதறியவர்களைத் தொலைக்காட்சியிலேயே பார்த்த ஒரு தலைமுறைக்கு, தொடரில் வரும் தாய்-மகள் அடையாளம் காணும் காட்சி வெறும் கதைத்திருப்பமாக இருந்திருக்க முடியாது.

இந்தக் கனத்தை இழந்த வடிவமே 'மாக்ஜாங்' எனப்படும் வகை. நம்பத்தகாத திருப்பங்களையும் வஞ்சம், பழிவாங்கல், முறைகெட்ட உறவு ஆகியவற்றையும் அளவின்றி அடுக்கும் தொடர்களை இச்சொல் குறிக்கும். எஸ்பிஎஸ் 2008-09இல் ஒளிபரப்பிய 'டெம்ப்டேஷன் ஆஃப் வைஃப்' தொடரில், இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட மனைவி முகத்தில் ஒரு மச்சத்தை வரைந்துகொண்டு வேறொருத்தியாகத் திரும்பிவர, கணவனுக்கு அவளை அடையாளம் தெரிவதில்லை. வஞ்சிக்கப்பட்ட மனைவிக்கு நீதி கிடைக்க வேண்டும் என்ற பார்வையாளரின் தவிப்பு உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆயினும் அத்தவிப்பை நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்கு இழுத்துச் செல்லும்போது, அநீதியின் காரணங்கள் மறைந்து அடுத்த அதிர்ச்சி மட்டுமே மிஞ்சுகிறது. இதற்கு மறுதலையாக, 2019இல் வந்த 'வென் த கமீலியா புளூம்ஸ்' சிறுவயதில் ஆதரவற்றோர் இல்லத்தில் விடப்பட்டவளும் தனித்து மகனை வளர்ப்பவளுமான பெண்ணின் கதையில் மர்மத்தைக் குறைத்து, ஊரார் அவள்மீது சுமத்தும் இழிவையும் திரும்பிவந்த தாயோடு அவளுக்குள்ள தீராக் கோபத்தையும் முன்னிறுத்துகிறது. துறை பழையது, ஆனால் பெற்றோர் யார் என்ற கேள்வியிலிருந்து, கைவிடப்பட்டவர் எவ்வாறு வாழ்கிறார் என்ற கேள்விக்கு அது நகர்ந்துவிடுகிறது.

வாரிசும் பண உறையும்

கொரியப் பொருளாதாரத்தை ஆளும், குடும்பங்களின் பிடியிலுள்ள தொழிற்குழுமங்கள் 'சேபோல்' எனப்படும். இவற்றின் வாரிசும் ஏழைப் பெண்ணும் காதலிக்கும் கதை 2000களில் ஓங்கி வளர்ந்தது. 1997ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியில் வேலையும் சேமிப்பும் இழந்த குடும்பங்கள் நிறைந்த நாட்டில், திருமணம் ஒன்றே மேலேறும் படியாகக் காட்டப்பட்டதில் வியப்பில்லை. கேபிஎஸ் 2009இல் ஒளிபரப்பிய 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' தொடரில் சலவைக்கடைக்காரரின் மகள், குழும வாரிசுகள் படிக்கும் பள்ளியில் சேர்ந்து அவர்களின் கொடுமைகளை எதிர்கொள்கிறாள். கொடுமைக்குத் தலைமை தாங்கியவனே பின்னர் காதலனாகிறான். இத்துறையின் ஆழ்ந்த குறை இங்கே புலப்படுகிறது. செல்வம் ஏற்படுத்தும் ஏற்றத்தாழ்வைத் தொடர் கூர்மையாகக் காட்டிவிட்டு, அதற்குரிய தீர்வை ஒரு தனிமனிதனின் மனமாற்றத்தில் கண்டுவிடுகிறது.

பண உறையோடு வரும் தாய்க்கும் இதே விளக்கம் பொருந்தும். குழுமங்களில் மகனின் திருமணம் சொத்துரிமையோடு பின்னிப் பிணைந்தது என்பதால் அவளுடைய எதிர்ப்பு பொருளற்றதன்று. ஆனால் அவளைக் கொடியவளாக மட்டும் தீட்டும் தொடர்கள், அந்தக் குடும்ப அமைப்பை ஆள்கின்ற ஆண்களைக் காட்சிக்கு வெளியே நிறுத்தி, ஒரு பெண்ணின் துயரத்துக்கு இன்னொரு பெண்ணையே பொறுப்பாக்கிவிடுகின்றன. நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் செல்வதும் அவள் மறுப்பை மீறி முத்தமிடுவதும் காதலின் வேகமாகவே அக்காலத் தொடர்களில் காட்டப்பட்டன. 2018இல் கொரியாவில் எழுந்த 'மீ டூ' இயக்கத்துக்குப் பிறகு இவற்றை ஏற்காத பார்வையாளரின் குரல் வலுத்தது. அந்தக் குரல் நியாயமானது. வன்முறையை அன்பின் சான்றாகக் காட்டும் மரபு எதுவும் காக்கப்படத் தக்கதன்று.

எழுத்தாளரின் பெயரால் தொடர்கள் அறியப்படுவதும், அவ்வெழுத்தாளர்களுள் பெரும்பாலோர் பெண்களாக இருப்பதும் கொரியத் தொலைக்காட்சியின் சிறப்பு. கிம் யூன்-சூக்கின் எழுத்துப் பயணம் இத்துறையின் வரலாற்றையே சுருக்கிக் காட்டுகிறது. 'லவர்ஸ் இன் பாரிஸ்' (2004), 'சீக்ரெட் கார்டன்' (2010-11), 'த ஏர்ஸ்' (2013) ஆகியவற்றில் வாரிசின் காதலை உச்சத்துக்குக் கொண்டுசென்ற அவரே, 'த குளோரி'யில் (2022-23) பள்ளியில் செல்வர் வீட்டுப் பிள்ளைகளால் சித்திரவதைக்கு ஆளான ஏழைப் பெண்ணை, அவர்களை ஒவ்வொருவராக வீழ்த்துபவளாகப் படைத்தார். 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' மன்னித்துக் கடந்த கொடுமையை இத்தொடர் மன்னிக்க மறுத்தது.

இரண்டாம் நாயகன் என்னும் துறை, பார்வையாளரின் பரிவைப் பெற்றும் காதலைப் பெறாதவனைக் குறிக்கும். பெரும்பாலும் முக்கோணத்தை நீட்டிக்க மட்டுமே அவன் பயன்படுகிறான். சியோல் நகரின் சாங்முன்-டோங் பகுதித் தெருவொன்றின் ஐந்து நண்பர்களைப் பற்றிய 'ரிப்ளை 1988' (2015-16) இதை வேறாகக் கையாண்டது. நாயகியின் கணவர் யார் என்ற புதிரைக் கடைசிவரை வைத்திருந்தாலும், காதலைச் சொல்லத் தயங்கி நின்றவன் தன் இழப்புக்கு விதியைக் குறைகூறாமல் தன் தயக்கத்தையே காரணமாக உணரும் இடத்தில், அவன் ஒரு முழு மனிதனாகிறான்.

நினைவிழப்பும் தயாரிப்பு முறையும்

நினைவிழப்பு, விபத்து, நோய் ஆகிய மூன்றையும் புரிந்துகொள்ளத் தொடர்கள் தயாரான முறையை அறிய வேண்டும். கொரியத் தொடரின் வழக்கமான வடிவம் வாரத்துக்கு இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் மேல், மொத்தம் 16 பகுதிகள் என்பதாக இருந்தது. ஒளிபரப்பு தொடங்கும்போது சில பகுதிகளே படமாகியிருந்தன. மீதி, ஒளிபரப்போடு சேர்ந்தே எழுதப்பட்டுப் படமாயின. படப்பிடிப்புத் தளத்துக்கு அன்றன்று துண்டுதுண்டாக வந்துசேரும் கதைவசனத்துக்குக் கொரியத் துறையினரிடையே 'சோக்தேபோன்' என்று பெயர். பார்வையாளரின் எதிர்வினைக்கு ஏற்பக் கதையை மாற்றிக்கொள்ள இம்முறை உதவியது என்பது உண்மை. ஆனால் எழுதுபவருக்கு நேரம் இல்லாதபோது, ஒரு விபத்தோ மறதியோ கதையைத் தொடக்கப்புள்ளிக்குத் திருப்பிவிடும் எளிய வழியாயிற்று. பிற்பகுதிகள் தளர்ந்துபோவதற்கும் முடிவுகள் அவசரமாக அமைவதற்கும் இதுவே தலையாய காரணம்.

வணிக விதிகளும் கதையைப் பாதித்தன. தரைவழி அலைவரிசைகள் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் ஒளிபரப்ப 2021 வரை தடை இருந்தது; தொடருக்குள்ளேயே பொருள்களைக் காட்டிப் பணம் பெறும் முறைக்கு 2010இல் சட்ட அனுமதி கிடைத்தது. இதன் விளைவாகக் காதலர் சந்திப்புகள் குறிப்பிட்ட நிறுவனத்தின் சிற்றுண்டிக் கடைகளில் நிகழலாயின. துயரக் காட்சியின் நடுவிலும் ஒரு கைப்பேசி தெளிவாகத் தெரியும்படி வைக்கப்பட்டது. பார்வையாளரின் ஈடுபாட்டை இவ்வாறு குலைப்பது கலைக்கு இழைக்கப்படும் தீங்கு என்பதில் ஐயமில்லை. 2016இல் 'டிசெண்டன்ட்ஸ் ஆஃப் த சன்' முழுவதும் முன்கூட்டியே படமாக்கப்பட்டு ஒளிபரப்பாகிப் பெருவெற்றி பெற்றது. பின்னர் வாரத்துக்கு 52 மணி நேர வேலை வரம்பு ஒளிபரப்புத் துறைக்கும் வந்தது; இணையத் தளங்களின் முதலீடும் சேர்ந்ததால், முன்தயாரிப்பு பரவலாயிற்று. நேரம் கிடைத்த பின்னும் அதே விபத்தை நாடுவோருக்குச் சொல்லத்தக்க காரணம் இனி இல்லை.

அண்டை நாடுகளோடு ஓர் ஒப்பீடு

கமியோ யோகோ 1992இல் தொடங்கிய 'ஹனா யோரி தாங்கோ' என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை, தைவானில் 2001இலும் ஜப்பானில் 2005இலும் கொரியாவில் 2009இலும் (மேலே கண்ட 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்') சீனாவில் 2018இலும் தொடராக்கப்பட்டது. ஒரே கதை நான்கு மரபுகளில் எவ்வாறு உருமாறுகிறது என்பதை அறிய இதைவிட நல்ல சான்று இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தொடர் என்ற ஜப்பானிய வழக்கத்தில் முதல் பருவம் 9 பகுதிகளில் முடிய, கொரிய வடிவம் 25 பகுதிகளுக்கு விரிந்து, குழுமத்தின் வாரிசுரிமைப் போராட்டத்தைச் சேர்த்துக்கொண்டது. சீனாவில் அரண்மனைச் சூழ்ச்சித் தொடர்கள் எழுபது பகுதிகளைத் தொட்ட நிலையில், நீட்டலைக் கட்டுப்படுத்த 40 பகுதிகளுக்கு மிகாதிருக்குமாறு 2020இல் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பு அறிவுறுத்தியது. துறைகளின் பெருக்கத்துக்கும் பகுதிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள நேர் உறவை இவை உணர்த்துகின்றன.

பழைய துறை, புதிய பார்வை

ஒட்டுக்கேட்டல், கொரியத் தொடர்களில் மிக மலிவாகப் பயன்பட்ட உத்தி. கதவின் மறுபுறம் நிற்பவர் காதில் இரகசியம் தவறாமல் விழும். எழுத்தாளர் பார்க் ஹே-யோங்கின் 'மை மிஸ்டர்' (2018) இதையே தன் மையமாக்கிக்கொண்டது. கடனில் மூழ்கிய இளம் தற்காலிக ஊழியை ஒருத்தி, பணத்துக்காக ஒரு நடுவயதுப் பொறியாளரின் கைப்பேசியை ஒட்டுக்கேட்கத் தொடங்குகிறாள். நாள்தோறும் அவர் விடும் பெருமூச்சையும் நடையையும் கேட்டுக்கேட்டு, அவள் வாழ்வில் முதன்முறையாக ஒரு மனிதரைப் புரிந்துகொள்கிறாள். இரகசியத்தை வெளிப்படுத்தப் பிறந்த உத்தி இங்கே பரிவை வளர்க்கும் வழியாகிறது. அந்த உறவைக் காதலாக மாற்றாமல் விட்ட கட்டுப்பாடு தொடரின் தகுதியை மேலும் உயர்த்துகிறது.

பார்க் ஜி-யூன் எழுதி 2024இல் டிவிஎன் அலைவரிசையில் வந்த 'குயீன் ஆஃப் டியர்ஸ்' வாரிசுக் கதையைத் தலைகீழாக்கி, செல்வக் குடும்பத்து மகளை மணந்த கிராமத்து இளைஞனைக் காட்டுகிறது. அவ்வீட்டு மருமகன்கள் கூடி முன்னோர் வழிபாட்டுக்கான உணவைச் சமைக்கும் காட்சியில், மருமகள்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்த உழைப்பு எவ்வித விளக்கமும் இன்றிப் புலனாகிறது. அத்தொடரே பின்பாதியில் மூளைக்கட்டி, நினைவிழப்பு, வாகன மோதல் ஆகியவற்றிடம் சரணடைகிறது. நிறைவுப் பகுதி 24.85 விழுக்காடு பார்வையாளர் அளவைப் பெற்று டிவிஎன் வரலாற்றில் முதலிடம் அடைந்தது என்றாலும், முற்பாதியின் துணிவு பிற்பாதியில் இல்லை என்பதை அந்த எண் மறைத்துவிடாது.

நோய் என்னும் துறை முறையாக ஆளப்பட்டமைக்கு 2025இல் வெளிவந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' சான்றாகும். ஜெஜு தீவில் மூச்சடக்கிக் கடலுள் மூழ்கிச் சிப்பி எடுக்கும் 'ஹேன்யோ' பெண்ணின் மகள், அவளைச் சிறுவயது முதல் நேசிக்கும் மீனவன், அவர்களின் பிள்ளைகள் என விரியும் இக்கதையில் மாமியார் கொடுமை, வறுமை, குழந்தையின் மரணம், நோய் ஆகிய பழைய துறைகள் யாவும் வருகின்றன. ஆனால் எழுத்தாளர் இம் சாங்-சுன், அந்த மீனவனின் உடல் படகிலும் துறைமுகத்திலும் தேய்ந்த ஆண்டுகளை முதலில் காட்டிவிட்டே நோயைக் கொண்டுவருகிறார். ஆகவே அது கதையில் திணித்த விபத்தாகத் தோன்றாமல், வாழ்ந்த வாழ்வின் விலையாக நிற்கிறது. 'ஆட்டம் இன் மை ஹார்ட்' தொடரின் குருதிப்புற்று காதலுக்கு முற்றுப்புள்ளி வைக்க வந்தது. இங்கு வரும் நோயோ ஒரு திருமண வாழ்வு முழுவதையும் திரும்பிப் பார்க்க வைக்கிறது.

ஆகவே, மரபுத் துறைகள் எத்தனை உள்ளன என்று எண்ணி ஒரு தொடரை மதிப்பிடுவதில் பயனில்லை. அந்தச் சூழ்நிலை கதைமாந்தரின் உழைப்பிலிருந்தும் குடும்பத்திலிருந்தும் முடிவுகளிலிருந்தும் எழுந்ததா, அது வந்த பிறகு அவர்கள் முன்பு செய்யாத ஒன்றைச் செய்கிறார்களா என்ற இரு கேள்விகளே போதுமானவை. இரண்டுக்கும் ஆம் என்று விடை தரும் தொடர், பார்வையாளர் ஆயிரம் முறை கண்ட காட்சியையும் புதிதாகக் காட்டிவிடும். விடை தர இயலாத தொடரின் குறையை எத்தனை பொருட்செலவும் அழகிய படப்பிடிப்பும் ஈடுசெய்வதில்லை.