டேவிட் ஹூட் வாசிக்காமல் விடும் இடங்கள்

முதலில் போன் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினாலே அது 41 ஹெர்ட்ஸில் அதிரும். போனுக்குள் இருக்கும் பொடி ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டவே எட்டாது. மேலே ஒலிக்கும் துணை ஒலிகளை வைத்துக் காது ஏதோ ஊகித்துக்கொள்ளும், அவ்வளவுதான். விலை உயர்ந்ததெல்லாம் வேண்டாம், காதை மூடுகிற மாதிரி ஒரு ஹெட்போன் போதும். வீட்டில் பழைய ஸ்டீரியோ செட் இன்னும் ஓடுகிறது என்றால் இன்னும் நல்லது.

கேட்கப்போவது டேவிட் ஹூட் என்ற அமெரிக்கரை. அலபாமா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், டென்னசி ஆற்றங்கரையில் நாலு சின்ன ஊர்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன: ஃப்ளோரன்ஸ், ஷெஃபீல்டு, டஸ்கம்பியா, மஸ்ஸல் ஷோல்ஸ். வெளியூர்க்காரர்களுக்கு எல்லாமே மஸ்ஸல் ஷோல்ஸ்தான். ஹூட் 1943-இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலீஸுக்கோ பிழைக்கப் போகவில்லை. ஊரிலேயே இருந்தார், பாடகர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

தொடக்கம், ரிக் ஹால் நடத்திய ஃபேம் ஸ்டுடியோவில். எட்டா ஜேம்ஸின் 'டெல் மாமா' (1967) அங்கே பதிவானது, பேஸ் ஹூட். 1969-இல் அவரும் டிரம்ஸ் ரோஜர் ஹாக்கின்ஸ், கீபோர்டு பாரி பெக்கெட், கிட்டார் ஜிம்மி ஜான்சன் ஆகிய மூவரும் ஃபேமை விட்டு விலகி, அட்லாண்டிக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் தந்த பண உதவியோடு ஷெஃபீல்டிலேயே மஸ்ஸல் ஷோல்ஸ் சவுண்ட் ஸ்டுடியோவைத் திறந்தார்கள். கூலிக்கு வாசித்தவர்கள் முதலாளி ஆனார்கள். அந்தக் காலத்தில் வாத்தியக்காரர்கள் அப்படிச் செய்வது துணிச்சல்தான். கதவு எண் 3614, ஜாக்சன் ஹைவே. பாடகி ஷேர் அங்கே முதலில் வந்து பாடிய ஆல்பத்துக்கு அந்த முகவரியே பெயர். ஆல்பம் பெரிதாக விற்கவில்லை. அதே ஆண்டு ஆர்.பி. கிரீவ்ஸ் பாடிய 'டேக் எ லெட்டர் மரியா' ஓடு ஓடென்று ஓடி, ஸ்டுடியோவை நிமிர்த்தியது.

வரலாறு போதும். பாட்டுக்கு வருவோம்.

ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் 'ஐல் டேக் யூ தேர்' (1972). இங்கேதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் இதில் பேஸைத் தேட வேண்டியதில்லை. முன்னால் வந்து நிற்கிறது. பாட்டு முழுக்க இரண்டே கார்ட். சரணம், பல்லவி என்று இசை எங்கும் திரும்புவதில்லை, ஒரே வட்டத்தில் சுற்றுகிறது. தொடக்கத்து பேஸ் வரி ஜமைக்காவின் ஹாரி ஜே ஆல்ஸ்டார்ஸ் 1969-இல் வெளியிட்ட 'லிக்விடேட்டர்' இசைத்தட்டிலிருந்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். இதை ஹூடின் குறையாக நான் எண்ணவில்லை. இரவல் வரியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதில்தான் சுவாரசியம்.

முதல் தடவை கேட்கும்போது பாடகி மேவிஸ் ஸ்டேப்பிள்ஸை முழுக்க மறந்துவிட்டு, பேஸின் ஒவ்வொரு ஒலியும் எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாம் தடவை, அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் கம்பியைத் தட்டிவிட்டால் அது பாட்டுக்கு நீண்ட நேரம் முழங்கிக்கொண்டிருக்கும். அதை எந்தக் கணத்தில் விரலால் அமுக்கி நிறுத்துவது என்பது வாசிப்பவர் கையில் இருக்கிறது. ஹூட் ஒலியைச் சட்டென்று அறுத்து, ஒரு சின்ன மௌனம் விட்டு, அடுத்ததைத் தொடுகிறார். உங்கள் கால் தானாக ஆடுவது அந்த மௌனத்தில்தான். அதே ஒலிகளை இழுத்து இழுத்து வாசித்திருந்தால் பாட்டு கனத்து உட்கார்ந்திருக்கும்.

நடுவில் மேவிஸ் வாத்தியக்காரர்களை ஒவ்வொருவராக அழைக்கிறார். டேவிட் என்ற பெயரும் வருகிறது; பேஸ் தனியே முன்னால் வருகிறது. கிடைத்த வாய்ப்பில் வித்தை காட்டியிருக்கலாம். அவர் காட்டவில்லை. மெதுவாகக் கொஞ்சம் மேலே ஏறி, ஒரு சுற்று பேசிவிட்டு, பழைய வரிக்கே திரும்பிவிடுகிறார். 1972 ஜூனில் இந்தப் பாட்டு அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஒரு பேஸ் வாசிப்பவரின் பெயர் இப்படிப் பாட்டுக்குள்ளேயே ஒலித்து, நாடு முழுக்கக் கேட்டது அபூர்வம்.

இந்தப் பாட்டைக் கேட்ட பால் சைமன், இதில் வாசித்த கறுப்பினக் கலைஞர்களே தனக்கு வேண்டும் என்று தயாரிப்பாளர் ஆல் பெல்லிடம் கேட்டாராம். தரலாம், ஆனால் அவர்கள் ரொம்பவே வெளுப்பாக இருப்பார்களே என்று பதில் வந்ததாகக் கதை. நால்வரும் வெள்ளையர்கள். சைமன் அலபாமாவுக்கு வந்தார். 'கோடக்குரோம்', 'லவ்ஸ் மீ லைக் எ ராக்' எல்லாம் அந்த வருகையின் பலன். 1973 ஆல்பத்தில் இருக்கின்றன. 'கோடக்குரோம்' கேட்கும்போது கடைசிப் பகுதிக்குக் காத்திருங்கள். அங்கே வேகம் இரட்டிப்பானதுபோல் பாட்டு பிய்த்துக்கொண்டு ஓடும், பெக்கெட்டின் பியானோ துள்ளும். அந்த ஓட்டத்திலும் கீழே ஒருவர் பதறாமல் கணக்கு வைத்திருப்பது காதில் விழும்.

கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கும் பெரியவர் மாதிரி ஆள் இவர். யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக்கொண்டே போவார். இல்லாதபோதுதான் அருமை தெரியும். பலவகை இசையும் கைவந்தவர் என்று ஒரு பேஸ் கலைஞரைச் சொல்லும்போது நாம் பொதுவாக அவருக்கு எத்தனை பாணி தெரியும் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஹூடைக் கேட்கக் கேட்க எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை போய்விட்டது. யார் பாடுகிறாரோ அவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்து, மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார். பாணி மாறுவது அதனால்தான்.

சோதித்துப் பார்க்க வசதியாக இரண்டு நேரெதிர்ப் பதிவுகள் உண்டு. ஒன்று, பாஸ் ஸ்காக்ஸ் 1969-இல் பாடிய 'லோன் மீ எ டைம்'. பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டும் மெதுவான ப்ளூஸ். (எழுதியவர் ஃபென்டன் ராபின்சன், முதலில் வந்த தட்டில் அவர் பெயரைப் போடாதது அநியாயம்.) எல்லாரும் டுவேன் ஆல்மனின் கிட்டாருக்காக இதைக் கேட்பார்கள், நீங்களும் ஒரு முறை அப்படியே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மனம் அடங்காது. அப்புறம் கீழே இறங்குங்கள். தொடக்கத்தில் பேஸ் நடக்கவே யோசிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் நடுவே அவ்வளவு வெளி. கிட்டார் சூடேற ஏற, ஹூட் கொஞ்சம் கொஞ்சமாக அடிகளைச் சேர்க்கிறார். எந்த இடத்தில் சேர்க்கத் தொடங்கினார் என்று விரலை வைத்துச் சொல்ல முயன்று பாருங்கள்; சிரமம். கடைசியில் புயலடிக்கும்போது கிட்டார்தான் புயல் என்று தோன்றும், ஆனால் அதற்கு ஏறிப்போக மாடிப்படி கட்டியது பேஸும் ஹாக்கின்ஸின் டிரம்ஸும்.

இன்னொன்று, வில்லி நெல்சனின் 'ஃபேசஸ் அண்ட் ஸ்டேஜஸ்' (1974). ஒரு மணமுறிவைச் சொல்லும் ஆல்பம். தட்டின் ஒரு பக்கம் மனைவி தரப்பு, மறுபக்கம் கணவன் தரப்பு. நெல்சன் தாளத்துக்குக் கட்டுப்பட்டுப் பாடுகிறவர் அல்ல; சில சொற்களை முந்திப் பாடுவார், சிலவற்றைப் பிந்தி விடுவார். அப்படிப்பட்டவருக்குக் கீழே பேஸும் ஆடினால் எல்லாம் சரிந்துவிடும். எனவே ஹூட் இங்கே மிக எளிமையாக, அசையாமல் நிற்கிறார். இரண்டு பதிவும் ஒரே ஆள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஒரு பயிற்சி. ஸ்டேப்பிள் சிங்கர்ஸின் 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்' (1971) போட்டு, டிரம்ஸில் காலால் மிதிக்கும் பெரிய முரசின் அடியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பேஸ் எப்போது அதன்மேல் சரியாக விழுகிறது, எப்போது விலகுகிறது? ஹூடும் ஹாக்கின்ஸும் ஆண்டுக்கணக்கில் ஒரே அறையில் வாசித்தவர்கள். பெரும்பாலும் எழுதிவைத்த நோட்டு கிடையாது. பாடகர் பாடிக்காட்டுவார், கார்ட்களைக் குறித்துக்கொள்வார்கள், மற்றதெல்லாம் அங்கேயே பேசி, வாசித்து உருவாகும். அந்தப் பழக்கம் இந்தப் பாட்டில் நன்றாகவே தெரியும்.

மற்றவற்றை அவசரமில்லாமல் கேட்கலாம். ஜிம்மி கிளிஃபின் 'சிட்டிங் இன் லிம்போ' ஜமைக்காக்காரரே அலபாமாவுக்கு வந்து பாடியது. பாப் சீகரின் 'ஓல்ட் டைம் ராக் அண்ட் ரோல்' (1978) பார்ட்டிப் பாட்டாகத் தேய்ந்துபோனதால் யாரும் அதன் பேஸைக் கவனிப்பதில்லை. 1973-இல் இங்கிலாந்தின் டிராஃபிக் குழுவோடு ஹூடும் ஹாக்கின்ஸும் மேடை மேடையாகப் போனார்கள். அந்த நேரடிப் பதிவுகள் நீண்டுகொண்டே போகின்றன. பலருக்குப் பிடிக்கும். எனக்கு இவர்களை மூன்று நிமிடப் பாட்டின் நெருக்கடியில் கேட்கத்தான் பிடிக்கும்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. மஸ்ஸல் ஷோல்ஸில் பதிவானதெல்லாம் ஹூட் அல்ல. ரோலிங் ஸ்டோன்ஸ் 1969 டிசம்பரில் ஜாக்சன் ஹைவே ஸ்டுடியோவுக்கு வந்து 'பிரவுன் சுகர்', 'வைல்டு ஹார்சஸ்' இரண்டையும் பதிவுசெய்தார்கள், ஆனால் பேஸ் அவர்களுடைய பில் வைமன். பாப் டிலனின் 'ஸ்லோ டிரெயின் கமிங்' (1979) இன்னும் ஏமாற்றும்: ஊர் அதே ஊர், தயாரிப்பு வெக்ஸ்லரும் பெக்கெட்டும், பெக்கெட் கீபோர்டும் வாசித்திருக்கிறார். பேஸ் மட்டும் டிம் டிரம்மண்ட். மேலே சொன்ன பாட்டுகளில் காது பழகிய பிறகு அதைப் போட்டுப் பாருங்கள்; கை வேறு என்று சில நிமிடத்திலேயே பிடிபடும்.