பாவையின் முகமும் கூத்தின் முகமும்

பாவைக்குச் செதுக்கிய முகம் ஒன்றே போதுமா, மாற்றிப் பொருத்தும் முகவுறுப்புகள் வேண்டுமா என்பது பாவை செய்வோர்க்குள் எழும் வினா. யப்பானியரின் புன்ராக்குப் பாவைகளுள் ‘காபு’ எனும் தலை உண்டு. உள்ளிருக்கும் கயிற்றை இழுத்த அளவில் அழகிய நங்கையின் வாய் பிளக்கும், கொம்பு முளைக்கும். தமிழகப் பொம்மலாட்டத்து மரப்பாவைக்கோ முகம் மாறுவதில்லை. அதன் அழுகை கழுத்தின் சாய்விலும் கையின் அசைவிலும் பின்னின்று பாடுவோர் குரலிலும் பிறக்கிறது.

இவ்விரு முறைகளையும் சீர்தூக்கச் சப்பிரகமுவத் தோட்டங்களின் காமன் கூத்து தக்க உரைகல்லாகும். மாசித் திங்களில் மணக்கோலம் பூண்டு களிக்கும் இரதியே, மதன் எரிந்தபின் அரற்றி அழுகிறாள். ஆடுவோன் முகம் ஒன்றே. பாட்டு மாற, காண்போர் நெஞ்சு மாறுகிறது. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து மக்கள் தம் இழப்புகளையும் அம்முகத்தில் ஏற்றிக் காண்பர்.

ஆதலின் தோட்டப் பள்ளிகளுக்குப் பாவை செய்வோர் கண், மூக்கு, வாய் மாற்றத்தக்க தலைகளை அமைத்தல் நன்றே. ஒரு தலை பல பாத்திரங்களாகும். எனினும் பாத்திரம் மாறுங்கால் மட்டுமே உறுப்பு மாறுதல் வேண்டும். காபுத் தலையும் நங்கை பேயாகும் இடத்திலேயே மாறுகிறது. ஒவ்வோர் உணர்ச்சிக்கும் ஒரு வாய் பொருத்தின், காண்போர் கற்பனைக்கு வேலை இல்லை. அங்கே பொறி எஞ்சும், கூத்து எஞ்சாது.